சாமி அறையில் ஹெல்மெட்டோடு படுத்திருந்தவர்

அவரிடம் யாரும் ஒரு பேச்சுக்குக்கூட நலம் விசாரித்துவிட முடியாது. "வூட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா மேஸ்திரி?" என்று கேட்டால் போதும், வண்டியை ஓரங்கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் யோசிப்பார். பிறகு, "காலைல ஆறு மணிக்கு நல்லா இருந்தாங்க டீச்சர். இப்ப எப்பிடி கீறாங்கன்னு நான் பாக்கல" என்பார். கிண்டல் என்றால் முகத்தில் ஒரு சிரிப்பாவது இருக்க வேண்டுமே, இருக்காது. கேட்டவருக்குத்தான் ஏன்டா கேட்டோம் என்று ஆகிவிடும்.

டைல்ஸ் போடுகிறவர். சந்தவாசல் பக்கம் வீடு. அங்கிருந்து ஒரு பழைய வண்டியில் எங்கள் மலைக்கு ஏறி வருவார். பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், எழுதமாட்டேன். தன்னைப் பற்றி யாராவது எழுதினால் "இத அவங்க பாத்தாங்களா?" என்று வரிக்கு வரி கேட்கிற ஆள். எனக்கு எதற்கு வம்பு?

டீக்கடையில் ஒருநாள் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. "மேஸ்திரி, மழ வருமா?" என்று யாரோ கேட்டார்கள். அண்ணாந்து பார்த்தார். "மேகம் வந்துகீது. மழ இன்னும் வர்ல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். கடையே சிரித்தது. அவர் ஏன் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார்.

மாப்பிள்ளை விசாரிக்கப் போய் மாட்டிக்கொண்டவர் கதை இன்னும் மோசம். கணியம்பாடிப் பக்கத்துக்காரர் ஒருவர், இவரோடு வேலை செய்கிற பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று கேட்க வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"பையன் எப்பிடிங்க?"

"செருப்ப ஜோடியா வுடுறான். சாப்ட்டா தட்ட அவனே கழுவுறான். அத பாத்தேன்."

"குடிப்பானா?"

"நான் பாக்கல."

"அப்ப குடிக்கமாட்டான்னு வெச்சிக்கலாமா?"

"அதயும் நான் பாக்கலீங்களே."

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அந்தக் கல்யாணம் நடந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். தட்டு கழுவுகிறவன் என்ற ஒரு தகவலே பெண்ணின் அம்மாவுக்குப் போதுமாம்.

காவலூரில் தொலைநோக்கி இருக்கிற இடத்தில், வாரத்தில் ஒரு சாயங்காலம் பொதுமக்களையும் உள்ளே விட்டு வானத்தைக் காட்டுவார்கள். மலையிலேயே கிடக்கிற எங்களில் பாதிப் பேர் போனதில்லை. ஊழியர் குடியிருப்பில் தரை போட வந்த இவர், வேலை முடிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார். "சனிக்கு வளையம் இருக்கா மேஸ்திரி?" என்றேன். டீச்சர் புத்தி, சும்மா இருக்குமா?

"கீது டீச்சர். பாத்துட்டேன். கொஞ்சம் சாஞ்சாப்ல கீது."

"அப்ப இத்தன நாளா நாங்க ஸ்கூல்ல சொன்னத நீங்க நம்பலையா?"

"நம்பாம இல்ல. சொல்லாம இருந்தேன்."

இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒருமுறை படவேடு கோயிலுக்குப் போன வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாய் கொள்ளாமல் சிரிக்கிற ரகம். "அத ஏன் டீச்சர் கேக்கறீங்க! பொண்ணு பாத்துட்டு வூட்டுக்கு திரும்பி போறப்ப, பொண்ணு அழகா இருக்காளாடான்னு இவங்கம்மா கேட்டாங்களாம். 'பின்னல் இடுப்புக்கு கீழ வருது, காபி குடுக்கறப்ப கை நடுங்கல'ன்னு சொன்னாராம். முப்பது வருஷமாச்சு. நான் அழகா இல்லியான்னு இன்னும் ஒரு பேச்சு வர்ல!" என்றாள். உள்ளே இருந்து அவர், "தெனம் பாத்துனுதான கீறேன்" என்றார். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துபோனது.

இவ்வளவு பேசுகிறேனே, முதல் நாள் அவரைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம். சாதாரணக் கோபம் இல்லை, பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும்போது வருகிற கோபம்.

எங்கள் வீடு சரிவில் கட்டிய வீடு. ரோட்டில் இருந்து நேராக உள்ளே நுழைந்தால் அது மேல்தளம். அதற்குக் கீழே, சரிவில் இறங்கினால் இன்னொரு தளம். மேலே நானும் என் தங்கச்சியும். கீழே அண்ணனும் அண்ணியும். தங்கச்சிக்குச் சக்கர நாற்காலி. அதனால்தான் ரோட்டு மட்டத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். பத்தொன்பது வயதில் புளி உலுக்க மரம் ஏறி விழுந்தவள் அவள். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. கைப்பிடி மிஷினில் தைப்பாள். மலையில் பாதி ரவிக்கை அவள் தைத்ததுதான்.

பதினொரு வருஷம் அவளை நானும் அண்ணியும் குளிப்பாட்டினோம். கீழே தூக்கிக்கொண்டு போய், பின்பக்கத்தில் தட்டி கட்டி, கல்லின் மேல் உட்காரவைத்து. அண்ணியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஒருநாள் முகம் சுளித்ததில்லை. ஆனால் தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டேதான் குளிப்பாள். முதல் குவளை ஊற்றும்போது மூடினால், துண்டு சுற்றிய பிறகுதான் திறப்பாள். பதினொரு வருஷம்!

அப்புறம்தான் மேலே அவளுக்கென்று ஒரு பாத்ரூம் கட்டினோம். தரைக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் இருக்கத் தடித்த கருப்பு ஷீட் விரித்து, அதன் மேல் கலவை கொட்டி, டைல்ஸ் பதித்து, தண்ணீர் வெளியே வராமல் இரண்டு விரல் உயரத்துக்குத் திட்டு வைத்து, ஷவரும் போட்டாயிற்று. நாற்காலியில் இருந்து கைப்பிடியைப் பிடித்து இரும்பு ஸ்டூலுக்கு மாறிக்கொள்வாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தன் உடம்பில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்ட முதல் நாள், ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன்.

எண்ணி ஐந்தே மாதம். கீழே சொட்ட ஆரம்பித்தது.

சொட்டியது எங்கே? அண்ணியின் சாமி அறையில். குத்துவிளக்குக்கு நேர் மேலே. குளித்த தண்ணீர் சாமி படத்தின் மேல் விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அண்ணி முதல் மாதம் கிண்ணம் வைத்தாள். இரண்டாம் மாதம் சாமி படங்களைச் சமையல்கட்டுக்கு மாற்றினாள். மூன்றாம் மாதம் அழுதாள். அதற்குள் இரண்டு கொத்தனார்கள் வந்து போயிருந்தார்கள். ஒருவர் இடுக்கெல்லாம் வெள்ளை சிமெண்ட் அடைத்தார். இன்னொருவர் ஏதோ மருந்து ஊற்றினார். சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. இரண்டு பேருமே போகும்போது, "இரும்பு ஸ்டூலு. டெய்லி அத இழுத்து இழுத்து ஷீட்டு கிழிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஸ்டூல், ஸ்டூல், ஸ்டூல். வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. தங்கச்சி ஸ்டூலின் கால்களுக்குப் பழைய செருப்பை வெட்டிக் கட்டினாள். வாரத்துக்கு இரண்டு நாள்தான் குளித்தாள். கடைசியில் அண்ணன் வந்து நின்றான். "ஆடி மொத வெள்ளிக்குள்ள நிக்கணும். இல்லன்னா பைப்ப புடுங்கிட்டு ரூம பூட்டிடுவேன். முன்ன மாதிரி கீழ தூக்கினு வந்து குளிப்பாட்டலாம். ஒண்ணும் கொறஞ்சிட மாட்டா." தங்கச்சி காதில் விழும்படியேதான் சொன்னான். அவள் மிஷினை நிறுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு ரவிக்கையின் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டாள்.

அந்த நிலைமையில்தான் இவர் வந்தார். வந்ததும் உளியை எடுப்பார் என்று பார்த்தால், பாத்ரூமின் வாசலில் குந்திக்கொண்டு கேள்வி கேட்டார்.

"எங்க சொட்டுது?"

"பாத்ரூம் தண்ணி கீழ சொட்டுது" என்றேன்.

"சொட்டறத பாத்தீங்க. அது பாத்ரூம் தண்ணின்னு பாத்தீங்களா, நெனைக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "மேல பாத்ரூம், கீழ சொட்டுது. வேற எங்க இருந்து வரும்? ஆகாசத்துல இருந்தா?"

"வரலாங்க. மலைமேல இருந்து வர்ற தண்ணி செவுத்துல எறங்கும். கொழா பைப்பு உள்ள ஒழுகும். நான் இன்னும் எதயும் பாக்கல டீச்சர்."

ஒவ்வொருத்தராக விசாரித்தார். தங்கச்சியிடம் ஸ்டூலை எங்கே போடுவாள், எந்தப் பக்கம் சாய்ந்து மாறுவாள், தண்ணீர் எந்தப் பக்கம் தெறிக்கும் என்றெல்லாம் கேட்டார். அவள் பதில் சொல்லச் சொல்ல, சாக்பீஸால் தரையில் ஸ்டூலின் நான்கு கால்களையும் வட்டம் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ரூமு கட்டி முடிச்சப்பறம் இந்த தரையில யாராவது ஏதாவது அடிச்சீங்களா? துள கிள போட்டீங்களா?"

"இல்லையே" என்றேன்.

பொய். பச்சைப் பொய்.

அந்த பாத்ரூமில் தங்கச்சி முதல் மாதமே இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாவது தடவை தாடையில் மூன்று தையல். சந்தையில் தேன் விற்க வருகிற ஒரு அம்மா, விழுந்த இடத்தில் இரும்பு அடித்தால் அந்த இடம் மறுபடி ஆளைக் கேட்காது, ஆனால் அடித்ததை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்றாள். நான் யார்? வகுப்பறை வாசலில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து எறிந்து, பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பகுத்தறிவு வகுப்பு எடுத்தவள். அந்த நான், தங்கச்சி மிஷினில் இருந்த நேரம் பார்த்து, பாத்ரூம் மூலையில் இரண்டு டைல்ஸுக்கு நடுவே நாலு அங்குல ஆணியை வைத்து, மடமடவென்று அடித்து, தலை தெரியாமல் வெள்ளை சிமெண்ட் பூசினேன். ஷீட்டுக்கு மேலே மூன்று அங்குலக் கலவைதான் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தவளே நான்தான். நாலில் மூன்று போனால் மீதி எத்தனை? சொட்ட ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கணக்கையே போட்டேன். விடை பிடிக்கவில்லை. எல்லாரும் ஸ்டூல் என்று சொன்னபோது நானும் ஸ்டூல் என்று இருந்துவிட்டேன். கணக்கு டீச்சராம், கணக்கு டீச்சர்!

மேஸ்திரி என் பதிலைக் கேட்டுத் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. "சரிங்க, நீங்க சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் குழாயை மூடி, பைப்பைச் சோதித்தார். பைப் நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் தண்ணீர் போகிற ஓட்டையைத் துணி வைத்து இறுக அடைத்தார். சந்தவாசலில் இருந்தே களிமண் கொண்டுவந்திருந்தார். அதை உருட்டி, பாத்ரூம் தரையில் நெல் வயலுக்குக் கட்டுவதுபோல வரப்பு கட்டினார். நான்கு பாத்திகள். ஸ்டூலின் நான்கு வட்டமும் ஒரே பாத்திக்குள் வந்தன. அந்தப் பாத்தியில் மட்டும் தண்ணீர் நிறுத்தி, துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்தார். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

அண்ணியின் சாமி அறையில், குத்துவிளக்கு இருந்த இடத்தில், மேல்துண்டை விரித்து மல்லாந்து படுத்தார். ஹெல்மெட்டோடு! மேலே காரை பெயர்ந்துகொண்டு இருந்ததால் தலையில் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. "இன்னாங்க இது, சாமி ரூம்ல காலை நீட்டிக்கினு" என்று அண்ணி முணுமுணுத்தாள். "கால் தெக்கு பக்கம்தாங்க கீது, சாமி கெழக்குல கீது" என்றார் படுத்தபடியே. மதியம் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் இரண்டு வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். அதே இடத்தில், அதே மாதிரி கிடந்தார். இமையாவது கொட்டினாரா என்று சந்தேகம். எனக்கு அன்றைக்குத்தான் கோபம் போய், நெஞ்சுக்குள் பயமா பிரமிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. இந்த ஆளிடம் எதையும் ஒளிக்க முடியாது என்று தோன்றியது.

சாயங்காலம் மேலே வந்து தங்கச்சியின் நாற்காலிக்கு முன்னால் நின்றார். "ஸ்டூல் இருந்த பாத்தியில ஒரு சொட்டு எறங்கலம்மா. பாத்துட்டேன்" என்றார்.

தங்கச்சி அவரைப் பார்த்தாள். பிறகு கீழே குனிந்து, ஸ்டூலின் காலில் கட்டியிருந்த செருப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பற்களால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்தடுத்த நாள் இன்னும் இரண்டு பாத்திகள். ஒன்றிலும் இறங்கவில்லை. கடைசிப் பாத்தி மூலைப் பாத்தி. தண்ணீர் நிறுத்திப் பத்து நிமிஷம் ஆகவில்லை, கீழே இருந்து அண்ணியின் குரல் வந்தது. "நீலம்! நீலம் சொட்டுது!"

மேஸ்திரி மூலையில் முழங்காலிட்டு, கரண்டிக் காம்பால் இடுக்கு இடுக்காகத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். "இங்க வெள்ள சிமெண்ட்டு வேற மாதிரி கீது" என்றார். அண்ணன், அண்ணி, தங்கச்சி எல்லாரும் வாசலில். அவர் உளியை வைத்து இரண்டே டைல்ஸை அலுங்காமல் பெயர்த்தார். கலவையைச் சுரண்டினார். துருப்பிடித்த ஆணியை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தார். அடியில் ஷீட்டில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

அண்ணி தாலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். "அய்யோ, செய்வின! யாரோ செய்வின வெச்சிட்டாங்க! மூலையில இரும்ப பொதைச்சிக்கிறாங்க பாருங்க! அதனாலதான் இவ அப்பிடி வுழுந்து தொலைச்சா!"

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேஸ்திரி, ஒண்ணும் ரிப்பேர் பண்ண வேணாம். செவுரு எழுப்பி இத மூடிடுங்க. இந்த ரூமே வேணாம் எங்களுக்கு."

தங்கச்சி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெள்ளையாகிவிட்டன.

நான் மேஸ்திரியை ரோட்டுப் பக்கம் தனியாக அழைத்துப் போனேன். "பழைய கொத்தனார் வேல செய்யறப்ப விட்டுட்டுப் போன ஆணின்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மேஸ்திரி. எல்லாரும் நீங்க சொன்னா நம்புவாங்க. அந்த ரூம் பொழைக்கும்."

அவர் கையில் இருந்த ஆணியைப் பார்த்தார். "அத நான் பாக்கலீங்களே டீச்சர்."

"உங்களுக்குப் புரியலயா? அவ குளிக்கிறதே போயிடும்!"

"புரியுதுங்க."

"அப்ப சொல்லுங்களேன்!"

"யாரு அடிச்சாங்கன்னும் நான் பாக்கல டீச்சர். கேட்டா அதயும் சொல்லமாட்டேன்." குரலில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை. கண்ணில் மட்டும் ஈரம் மாதிரி ஏதோ இருந்தது. "பாத்தவங்கதான் சொல்லணும்."

எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. ஒரு பொய். ஒரே ஒரு சின்னப் பொய். அதைச் சொல்லாமல் நிற்கிறாரே பாவி மனுஷன்! ஆனால் அதே நேரத்தில் இன்னொன்றும் புரிந்தது. ஸ்டூல் கிழிக்கவில்லை என்று இவர் சொன்னபோது ஒருத்தரும் மறுபேச்சுப் பேசவில்லையே, அது எதனால்? இவர் வாயில் இதுவரை ஒரு பொய் வந்ததில்லை, அதனால்தான். இன்றைக்கு எனக்காக ஒன்று சொல்லிவிட்டால் தங்கச்சிக்காகச் சொன்னதும் சேர்ந்து போய்விடும்.

உள்ளே போனேன். "அந்த ஆணிய நான்தான் அடிச்சேன்" என்றேன்.

தேன் விற்கிற அம்மா சொன்னதில் இருந்து நாலு அங்குலம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி வாயைப் பிளந்தாள். "நீயா? எலுமிச்சம்பழத்த தூக்கி போட்டவளா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். செய்வினை இல்லை என்று ஆனதில் அவளுக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது. அண்ணன் மட்டும் விடவில்லை. "சரி. ஆனா மேஸ்திரி வேல முடிஞ்சப்பறம் ஒரே ஒரு சொட்டு கீழ வுழட்டும், செவுருதான்" என்றான்.

தங்கச்சி என்னைப் பார்க்காமலே கேட்டாள். "மூணு மாசமா ஸ்டூலு ஸ்டூலுன்னு எல்லாரும் பேசினப்ப நீ பக்கத்துலதானக்கா இருந்த?"

பெயர்த்துப் போட்டிருந்த இரண்டு டைல்ஸையும் எடுத்து ஓரமாக அடுக்கினேன்.

மேஸ்திரி அந்த இடத்தை ஒன்றரை அடி அகலத்துக்குத் திறந்து, ஷீட்டைக் கழுவித் துடைத்து, ஒருநாள் முழுக்கக் காயவிட்டார். அதே ரகத்து ஷீட்டில் ஒரு சாண் வட்டமாக ஒட்டு வெட்டினார். "ஏன் சதுரமா வெட்டல?" என்று அண்ணன் கேட்டதற்கு, "முனை இருந்தா அங்கருந்து உரியும். உரிஞ்சத பாத்துகீறேன்" என்றார். பசை தடவி, நடுவில் இருந்து வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் தேய்த்தார், ஒரு காற்றுக் குமிழி தங்கவில்லை. அவர் அந்த ஒட்டைத் தேய்த்த விதத்தை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன்! டைல்ஸ் போடும் முன்பே இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினார். கீழே காய்ந்து கிடந்தது. பிறகு கலவை, டைல்ஸ், மறுபடி இரண்டு நாள் தண்ணீர். "இனிமே நிக்குமா மேஸ்திரி?" என்று அண்ணன் கேட்டான். "தெரியாதுங்க. குளிச்சாதான் பாக்க முடியும்" என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின நாள் காலை, அவர் தங்கச்சியிடம், "போய் குளிம்மா. தெனம் எப்பிடி குளிப்பியோ அப்பிடி" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அவள் உள்ளே போய்த் தாழ் போட்டாள். நான் வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றேன்.

"அக்கா." அந்த எட்டு பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் சொல். "நீ இங்க நிக்க வேணாம். கீழ போ."

போனேன். சாமி அறையில் மேஸ்திரி மல்லாந்து கிடந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அண்ணி வெறும் சுவரில் சாய்ந்திருந்தாள். நான்கு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மேலே ஸ்டூல் நகர்ந்தது கேட்டது. அப்புறம் ஷவர். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கழுத்து வலித்தது, யாரும் குனியவில்லை.

கால் மணி நேரத்திலேயே மேலே தண்ணீர் சத்தம் சன்னமாகிவிட்டது. அவசர அவசரமாக முடிக்கிறாள் என்று தெரிந்தது. கீழே நாங்கள் நிற்கிறோம் என்ற பயம் அவளுக்கு.

மேஸ்திரி எழுந்து அங்கே கிடந்த மர முக்காலியின் மேல் ஏறி, கூரையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பழைய கறை இருந்த இடம், விளிம்பு, மூலை என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டார். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "காஞ்சி கீதுங்க. பாத்துட்டேன்."

அண்ணன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அண்ணி அறையின் நடுவுக்கு வந்தாள். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, சாமி அறைக் கூரையைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கண்ணு! இன்னும் கொஞ்ச நேரம் குளி! ஒண்ணும் அவசரமில்ல, நல்லா ஊத்திக் குளி!"

மேலே அவள் ஷவரை முழுசாகத் திறந்துவிட்டது எங்கள் நான்கு பேருக்கும் கேட்டது.